தண்டபாணியின் பின்வாசல்

தெலுங்கும் உருதும் புழங்கும் தார்நாகாவை ஒட்டியிருக்கும் ரயில்வே காலனிக்குள் போய்த் தண்டபாணி வீடு எது என்று கேட்டால், வழி சொல்வதற்கு முன் எல்லோரும் ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்கள். அவர் ஓய்வுபெற்று வருஷங்கள் ஆகியும் அந்தப் பழக்கம் யாரையும் விடவில்லை. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவர் டைம் கீப்பராக இருந்தவர்.

காலைச் சங்கு ஊதி அடங்கியதும் கேட்டைச் சாத்துவது அவர் வேலை. அதற்குப் பின் வருகிறவர்கள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று காரணம் சொல்ல வேண்டும். சைக்கிள் பஞ்சர் என்றால் டியூபைக் கழற்றிக் காட்டச் சொல்வார். மழை என்றால் சட்டையைத் தொட்டுப் பார்ப்பார். வயிற்றுவலி என்றால் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று பாசமாகக் கேட்பார். பூரி என்று வாய் தவறிச் சொன்னவன் தொலைந்தான். மாமனார் இறந்துவிட்டார் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்த வெல்டரிடம், “போன பொங்கலுக்குப் போனாரே, அவரா? திரும்பி வந்துட்டுப் போனாரா?” என்று துக்கம் விசாரித்தவர் அவர்.

அந்தக் கேட்டில் அவர் வாயை அடைத்தவன் ஒரே ஒருவன், சலீம். ஆம்பூர்க் குடும்பத்துப் பையன், வீட்டுக்குள் தமிழும் வாசலில் உருதும் பேசுகிறவன், ஃபிட்டராகப் புதிதாகச் சேர்ந்திருந்தான். ஒருநாள் தாமதமாக வந்து கம்பிக்கு வெளியே நின்றான். ஏன் லேட் என்று கேட்டதற்கு, “காரணம் ஒண்ணும் இல்ல சார். தூங்கிட்டேன்” என்றான். தண்டபாணி அடுத்த கேள்விக்காக வாயைத் திறந்தார். கேள்வி வரவில்லை. தூக்கத்துக்கு எதைக் காட்டச் சொல்வது, தலையணையையா? பேசாமல் கேட்டைத் திறந்துவிட்டார். அன்று வீட்டுக்கு வந்தும் மனைவி கனகவல்லியிடம் அதையே சொல்லிச் சொல்லிப் புழுங்கினார்.

இப்படி ஊராரின் சாக்குகளையெல்லாம் கேட்டுக் கேட்டு, சலித்துச் சலித்துத் தள்ளிய மனிதருக்கு ஒன்று நடந்தது. தள்ளியது எதுவும் வீணாகவில்லை, எல்லாம் அவருக்குள்ளேயே தங்கிவிட்டது. ஓய்வுபெற்ற பின் டாக்டர் நடக்கச் சொன்ன நாளிலிருந்து அந்தக் கிடங்கைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து அவரே உடுத்திக்கொண்டார். சர்க்கரை ஏறியது, தொப்பை முன்னால் போனது, அவர் மட்டும் நாற்காலியை விட்டு நகரவில்லை.

இது அவர் பாடு, நமக்கென்ன என்று ஊர் விட்டிருக்கலாம். ஆனால் நடுவில் பல்லக்கு வந்துவிட்டது.

காலனிக்குள் ஒரு முருகன் கோயில் உண்டு. அரக்கோணம், ஜோலார்பேட்டை பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் ஒரு காலத்தில் தகரக் கொட்டகை போட்டு ஆரம்பித்தது. ஆடிக் கிருத்திகை அன்று காலையில் வள்ளி தெய்வானையோடு முருகன் பல்லக்கில் ஏறிக் காலனியைச் சுற்றி வருவார். முன் தண்டில் வலது பக்கம் தண்டபாணியின் இடம். வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து அங்கேதான் தோள் கொடுத்து வருகிறார். அந்த ஒரு காலைப் பொழுதில்தான் காலனி ஜனங்கள் அவரைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்க்காமல் கைகூப்புவார்கள். அவர்கள் கும்பிடுவது சாமியைத்தான் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கும்பிடு அவர் தோளைத் தொட்டுக்கொண்டுதானே மேலே போகிறது. அதற்காகவே அவர் வருஷம் முழுக்கக் காத்திருப்பார்.

போன வருஷம் தண்ணீர்த் தொட்டி வளைவில் அவருக்கு மூச்சு வாங்கியது. முழங்கால் மடிந்தது. முருகன் வலப்பக்கம் சாய்ந்தார், மாலைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தன, வள்ளி மேல் விழுந்த மாலையைத் தெய்வானை முறைத்துப் பார்ப்பது போல இருந்தது. கூட்டம் ‘அரோகரா’வைப் பாதியில் விழுங்கியது. அப்போது பக்கத்திலிருந்து ஒரு தோள் வந்து தண்டைத் தாங்கியது.

“நீங்க சிரமப்படாதீங்க மாமா, நான் புடிச்சுக்கறேனுங்க.”

மாப்பிள்ளை நந்தகுமார். பொள்ளாச்சிக்காரர், குகட்பள்ளியில் குடியிருந்துகொண்டு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், ஜிம்முக்குப் போய் வந்து புஜம் வளர்த்தவர். மகள் அனுபமாவைக் கண்கலங்காமல் வைத்திருக்கிறார், மாமனார் மேல் மரியாதை அதிகம். குறை சொல்ல ஒன்றுகூடக் கிடைக்காததுதான் தண்டபாணிக்குத் தாங்கவில்லை.

இந்த வருஷம் ஆனி பிறந்ததும் கோயில் காரியதரிசி சுந்தரேசன் வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

“கமிட்டியில முடிவு பண்ணிட்டோம் அண்ணா. தண்டு பிடிக்கிறவங்க எல்லாரும் திருவிழா வரைக்கும் தினம் காலையில வாக்கிங் வரணும். சலீம் பாய் கூட்டிட்டுப் போவார். அவர் சரின்னு சொன்னா சரி. இல்லன்னா உங்க மாப்பிள்ளை இருக்கவே இருக்கார்.”

“முருகன் பல்லக்குக்கு சலீமு சொல்லணுமா?”

“நம்மாள் யாரைப் போட்டாலும் சண்டை வருதே. அவருக்கு இதுல பங்காளி யாரும் இல்ல.”

அந்த ஃபிட்டர் பையன்தான் இப்போது தாடி நரைத்த சலீம் பாய். இதய ஆபரேஷனுக்குப் பிறகு நடக்க ஆரம்பித்து, காலனியில் பாதிப் பேரை விசில் ஊதிக் கூட்டிக்கொண்டு போகிறவர். மறுநாள் விடிகாலையில் அவர் தண்டபாணியின் கேட்டுக்கு வெளியே நின்றார். தண்டபாணி கேட்டுக்கு உள்ளே நின்றார். ஒர்க்‌ஷாப்பில் நின்ற அதே மாதிரிதான், சட்டம் மட்டும் இடம் மாறியிருந்தது.

“மழை வர்ற மாதிரி கீது சலீமு.”

சலீம் உள்ளங்கையை வானத்துக்கு நீட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, அதைக் கம்பி வழியாக உள்ளே நீட்டினார். “தொட்டுப் பாருங்க சார். காஞ்சு கிடக்கு.”

மறுநாள் முழங்கால் நோவு. எந்தக் கால் சார் என்று மட்டும் கேட்டுவிட்டு சலீம் போய்விட்டார். அதற்கு மறுநாளும் நோவுதான். எந்தக் கால் என்று சலீம் மறுபடி கேட்டார். தண்டபாணி இடது காலைத் தடவினார்.

“நேத்து வலது சார்.”

தன்னுடைய சொந்தச் சரக்கு தன்மேலேயே வந்து விழுகிறது என்பது தண்டபாணிக்குப் புரிந்தது. ஆனாலும் அவர் லேசில் விடுகிற ஆளா? தெருநாய் கடிக்க வருகிறது என்றார். சலீம் சீட்டி அடித்ததும் அந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து படுத்தது. போனாலு அம்மன் பண்டிகைக்கு ஸ்பீக்கர் கட்டி ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை என்றார். அந்த ஸ்பீக்கர் கம்பத்துக்கு நேர் கீழே என் வீடு இருக்கிறது என்றார் சலீம். ஷூ இல்லை என்றார். நந்தகுமாரே ஒரு ஜோடி வாங்கி வந்து, மண்டியிட்டு, மாமனார் காலில் மாட்டிக் கட்டியும் விட்டார். அடுத்த நாள் தண்டபாணி, “மாப்பிள்ளை ஆசையா வாங்கிக் குடுத்தது, சேத்துல மிதிக்க மனசு வரல” என்றார். தெற்கே சூலம் என்று ஒருநாள் ஆரம்பித்தபோது உள்ளேயிருந்து கனகவல்லி, “வாக்கிங் போறது வடக்கால” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

கிடங்கு காலியாகிக்கொண்டே வந்தது. காலனி முழுக்கத் தெரிந்த இந்தச் சாக்குகளுக்கெல்லாம் அடியில் ஒன்று இருந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தெருமுனைக்குப் போவதற்குள் அவருக்கு இளைத்தது. அந்த இளைப்பை, ஒரு காலத்தில் கம்பிக்கு வெளியே தான் நிற்கவைத்த ஆட்கள் பார்த்துவிடுவார்களே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

ஆகவே அவர் ஒரு திட்டம் போட்டார். இவ்வளவு காலம் கேட்டுக் காவலராக இருந்தும், தப்பிக்கிறவன் கேட்டு வழியாக வரமாட்டான் என்கிற விஷயம் அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் சலீம் வருவதற்கு முன்பே எழுந்து, கனகவல்லி தூங்குகிறாள் என்று உறுதிசெய்துகொண்டு, ரப்பர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தார். அந்தக் கதவு திறந்தால் பூனை வாலை மிதித்தது போல ஊளையிடும். அன்று சத்தமே இல்லை. முருகன் தன் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டார். தெருமுனை டீக்கடையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, சர்க்கரை இல்லாத டீயை ஊதி ஊதிக் குடித்து, ஆபத்து நீங்கியதும் வீட்டுக்கு வந்தார். போகும்போது வழியில் இளைத்ததென்னவோ வாஸ்தவம். ஆனால் பார்க்க யாரும் இல்லையே.

இரண்டொரு நாளில் அந்தத் தூணுக்கு அந்தப் பக்கமிருந்து சலீமின் தாடி எட்டிப் பார்த்தது. “சலாம் சார். வாக்கிங் வரீங்களா?”

மறுநாள் தண்டபாணி ரயில் பாதையை ஒட்டிய கடைக்கு மாறினார். அங்கேயும் சலீம் வந்தார். தார்நாகா சிக்னல் பக்கத்து இரானி ஓட்டலுக்குப் போய், பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பருக்கு மேலே விசில் தொங்கியது. ஆட்டோவில் ஏறித் தொலைவாகப் போய்விடலாம் என்றால், அந்த நேரத்துக்கு நிற்கிற ஆட்டோக்காரர்கள் எல்லோரும் சலீம் தெருக்காரர்கள். நடந்துதான் போக வேண்டியிருந்தது. சலீம் எவ்வளவு தூரம் வருகிறாரோ அதைவிடக் கொஞ்சம் அதிகம் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. அப்படியே ஹப்சிகூடா, அதைத் தாண்டி இன்னும் கிழக்கே, மெட்ரோ தூண்களின் நிழலில் பதுங்கிப் பதுங்கி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். கடைசியில் நாலைந்து கிலோமீட்டர் தள்ளி உப்பலில் ஒரு கடை பிடித்தார். ஃபாக்டரிக்குப் போகிறவர்கள் நின்றபடி டீ குடித்துவிட்டு ஓடுகிற கடை. அங்கே சலீம் வரவேயில்லை. தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லையே என்பதுதான் அவருக்கு ஒரே வருத்தம்.

இதெல்லாம் நடைப்பயிற்சி என்று அவர் மனசில் துளியும் படவில்லை. நடைப்பயிற்சி என்றால் ஷூ போட்டு, கையை வீசி, விசிலுக்குப் பின்னால் போவது. இது தலைமறைவு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியபோது, சலவைக்காரர் வேறு யார் வேட்டியையோ கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போனார். ராத்திரி படுத்ததும் தூங்கிப்போவது காலையில் சீக்கிரம் எழுவதால் என்றார். கனகவல்லி எல்லாவற்றுக்கும், “ஆமாங்க, இருக்கும்” என்று சொல்லி வைத்தாள்.

பல்லக்கு மட்டும் மனசை அரித்தது. வாக்கிங் வராத ஆளுக்குச் சலீம் எப்படிச் சரி சொல்வார்? திருவிழா நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது பேசிச் சமாளித்துவிடலாம், தன்னிடம் இல்லாத காரணமா என்று தைரியம் சொல்லிக்கொண்டார்.

ஆடிக் கிருத்திகை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. விடிகாலையில் குளித்து, திருநீறு பூசி, புதுவேட்டி கட்டினார். கோயிலுக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. கால்கள் என்ன செய்தன என்றால், தம்பாட்டுக்குப் பின்வாசல் வழியாக இறங்கிப் போய்விட்டன. அன்று சலீம் வீட்டுப் பக்கமே வரவில்லை, அவருக்குக் கோயிலில் வேலை. அதெல்லாம் கால்களுக்குத் தெரியாதே. உப்பல் கடையில் டீ வாங்கி உட்கார்ந்தார். பல்லக்கு விஷயத்தில் சுந்தரேசனிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று யோசித்தார். யோசிக்கும்போது இன்னொரு டீயும் வந்தது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்ததும் டைம் கீப்பர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

வெளியே வந்தால் ரோடு அடைத்துக் கிடந்தது. அந்தப் பேட்டையில் அன்றைக்குப் போனாலு ஊர்வலம். பெண்கள் வேப்பிலை செருகிய பானைகளைத் தலையில் சுமந்து வர, மேளம் காதைப் பிளக்க, உடம்பெல்லாம் மஞ்சள் பூசி அம்மனுக்குக் காவல் வேஷம் கட்டிய போத்தராஜு சாட்டையைச் சுழற்றிக்கொண்டு நடுரோட்டில் ஆடினார். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, மெட்ரோ வாசலுக்குப் போகவும் வழி இல்லை. தண்டபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தார். தோளில் மஞ்சள் தண்ணீர் கொட்டியது, காதில் வேப்பிலை சிக்கியது, போத்தராஜு இவரைத் தன் கூட்டாளி என்று நினைத்து இரண்டு அடி கூட ஆடிவிட்டும் போனார். கூட்டத்தைத் தாண்டியதும் நடந்தார். நடை போதாமல் ஓடினார். ஹப்சிகூடாவில் ஒரு செருப்பு அறுந்தது. மற்றதையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்.

கோயில் வளாகத்தின் கம்பிக் கேட் சாத்தியிருந்தது. உள்ளே நாதஸ்வரம் ஆரம்பித்தாகிவிட்டது. முன் தண்டின் வலது பக்கம் நந்தகுமார் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். கேட்டுக்கு உள்ளே சலீம், கழுத்தில் விசிலோடு. பக்கத்தில் சுந்தரேசன்.

“டைம் முடிஞ்சு போச்சு அண்ணா” என்றார் சுந்தரேசன், முகத்தைப் பார்க்காமல்.

சலீம் அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். “கைக்கு லேட் சார்?” என்றார். ஏன் என்பதற்கு அவர் உருதில் அப்படித்தான் சொல்வார்.

தண்டபாணியிடம் காரணம் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, கலப்படமில்லாத, நிஜமான காரணம். அத்தாட்சியும் கையோடு இருந்தது. சட்டையெல்லாம் மஞ்சள், காதில் வேப்பிலை, வெறுங்கால். எந்தக் கேட்டிலும் செல்லுபடியாகும் சரக்கு. வாயையும் திறந்துவிட்டார். ஆனால் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தபோது, அந்தப் பக்கம் இருக்கிறவன் என்ன பதில் சொல்வான் என்பது அவருக்கே கேட்டது. ஊர்வலம் வருவதற்கு முன்னாலேயே கிளம்பியிருக்கலாமே? கிளம்பியிருக்கலாம். இரண்டாவது டீயைக் குடிக்கச் சொன்னது போத்தராஜு இல்லை. அதற்கு மேல் புளுக அவருக்கு அலுப்பாக இருந்தது.

“காரணம் ஒண்ணும் இல்ல சலீமு” என்றார். “உப்பல்ல டீ குடிச்சிக்கினு உக்காந்துட்டேன்.”

சுந்தரேசன்தான் திரும்பினார். “உப்பலா? ரோடெல்லாம் அடைச்சுக் கிடக்காம். எதுல வந்தீங்க?”

“எதுலயும் இல்ல. நடந்து வந்தேன். அப்பால ஓடி வந்தேன்.”

“உப்பல்ல இருந்தா?”

“ஆமாம். தினம் போறதுதானே.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். மூச்சு வேகமாகத்தான் வந்தது, ஆனால் ஒழுங்காக வந்து போய்க்கொண்டிருந்தது. முழங்கால்களைக் குனிந்து பார்த்தார். வலதும் இல்லை, இடதும் இல்லை, நோவு எங்கேயும் இல்லை. எப்போது போனது என்றும் தெரியவில்லை.

சலீம் வேறெதுவும் கேட்காமல் தாழ்ப்பாளை நீக்கினார்.

“ஹவ் சார், சரி, உள்ள வாங்க” என்றவர், சுந்தரேசனிடம், “நான் சரின்னு சொல்றேன் ஜீ” என்றார்.

நந்தகுமார் தோளிலிருந்த துண்டை எடுத்து மாமனார் தோளில் மடித்துப் போட்டார். “உங்க எடமுங்க மாமா. நான் பின்னாடி வர்றேன்.” அவர் முகத்தில் நிஜமாகவே நிம்மதி தெரிந்தது. ஒரு வருஷமாக அந்த மனிதர் மேல் தான் வளர்த்த கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியாமல், தண்டபாணி அவர் கன்னத்தை ஒருமுறை தட்டிக் கொடுத்தார்.

பல்லக்கு எழுந்தது. அரோகரா சத்தத்தில் தண்ணீர்த் தொட்டி வளைவு எப்போது வரப்போகிறது என்று பயந்துகொண்டே நடந்தார். கோயில் கோபுரம் மறுபடி கண்ணில் பட்டபோதுதான் அது எப்போதோ பின்னால் போய்விட்டது தெரிந்தது. முருகன் நேராக உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் ஜனங்கள் கைகூப்பினார்கள். தண்டபாணிக்குக் கண்ணில் நீர் வந்தது, மஞ்சள் தண்ணீர் என்று துடைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிகாலை. திருவிழா முடிந்தது, சலீம் வரப்போவதில்லை, ஓடி ஒளியவும் அவசியமில்லை. ஆனாலும் தண்டபாணி எழுந்து, புதுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் பின்கதவின் தாழ்ப்பாளைத் தொட்டார்.

“முன்வாசல் வழியாவே போங்க” என்றது கனகவல்லியின் குரல், போர்வைக்குள்ளிருந்து. “அந்தக் கதவுக்கு எண்ணெய் போட்டுப் போட்டு எனக்கும் கை நோவுது.”

தண்டபாணி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். கதவு ஊளையிடாமல் போனது, சலீமின் தாடி கடைக்குக் கடை எட்டிப் பார்த்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பொருந்தின.

“அப்ப நான் எங்க போறேன்னு சலீமுக்கு நீதான் சொன்னியா?”

“நான்தான் பின்னாலயே வந்து பாத்துட்டுச் சொன்னேன். ஆனா தார்நாகா சிக்னல் வரிக்கும்தான் தொரத்துங்கன்னு சொல்லிவெச்சேன். அதுக்கு மேல உங்களால ஆவாதுன்னு நெனச்சேன்.” அவள் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். “சிக்னலுக்கு அப்பால உங்களை யாருமே தொரத்தலங்க.”

தண்டபாணி செருப்பைக் கீழே வைத்துவிட்டு, மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த ஷூவைத் தேடி எடுத்து, முன்வாசலில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார்.

“நீயும் வா. உப்பல்ல டீ நல்லாருக்கும்” என்றார்.

“எனக்குக் கால் நோவுதுங்க” என்றாள் கனகவல்லி.

“எந்தக் கால்?”